பாதி டிக்கெட் கொர்னேலியஸ்

"எந்தப் படமானாலும் இடைவேளை வரைக்கும் பார்த்தா போதும். முடிவை நான் சொல்லிடுவேன். மிச்சத்துக்கு உட்கார்றவன் மூளையில்லாதவன்!"

சுதந்திரம் வந்த வருஷம், பூசை முடிந்து கலைந்த கூட்டத்தின் முன்னால், மாதா கோயில் வாசலில் கொர்னேலியஸ் இப்படிப் பிரகடனம் செய்தார். தேசம் இரண்டையும் தாங்கிக்கொண்டது.

மைசூர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான அவர் சொன்ன சொல் தவறாதவர். இடைவேளை மணி அடித்ததும் எழுந்து, வாசலில் காத்திருக்கும் ஜட்காக்காரன் சென்னப்பனிடம் பாதி டிக்கெட்டையும் படத்தின் முடிவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவி ஜெசிந்தாவுக்கு முழுக் கதையும் சொல்வார். இப்படியாக மைசூரில் முன்பாதிகளை மட்டும் பார்த்த அறிஞர் ஒருவரும், பின்பாதிகளை மட்டும் பார்த்த அறிஞர் ஒருவரும் உருவானார்கள். முடிவு சரிதானா என்று இவர் அவனைக் கேட்டதே இல்லை. ஒரு குமாஸ்தா ஜட்காக்காரனிடம் போய்க் கதை கேட்பதா?

பிறகு ஜெசிந்தா க்ஷயரோக ஆஸ்பத்திரியில் படுத்தாள். "கிறிஸ்துமஸுக்கு வீட்டிலே இருப்பே" என்று கொர்னேலியஸ் முடிவு சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அந்த இங்கிலீஷ் படம் வந்தது. கடல் நடுவே ஒரு தீவு, நிறையத் தென்னைமரம். விடுமுறைக்கு வந்த ஒரு சீமாட்டிக்கும் ஒரு கணக்குப்பிள்ளைக்கும் ஹோட்டல்காரன் தவறிப்போய் ஒரே அறையைக் கொடுத்துவிடுகிறான். கட்டிலருகே கொர்னேலியஸ் முன்பாதியை நடித்தே காட்டினார். கணக்குப்பிள்ளை கோட்டோடு குளத்தில் விழும் கட்டத்தில் ஆஸ்பத்திரி ஸ்டூலிலிருந்து தாமும் விழுந்தார். ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் கொண்டுவந்ததை நர்ஸ் மோலி துண்டில் சுற்றி எடுத்துப் போனாள்.

"முடிவு கல்யாணம்தான்" என்றார் கொர்னேலியஸ்.

"சும்மா அளக்காதீங்க. ஒரே ஒரு தடவை கடைசிவரைக்கும் உட்கார்ந்து பார்த்துட்டு வந்து சொல்லுங்க. எனக்காக."

வராந்தாவில் டாக்டர் நிறுத்தினார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, சில நாட்கள்தான் என்பதை இங்கிலீஷில் சொன்னார். கொர்னேலியஸுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அதுதான் துரதிர்ஷ்டம்.

மறுநாள் மாட்டினி. இடைவேளை மணிக்குப் பழக்கதோஷத்தில் எழுந்த கால்களை அதட்டி உட்கார வைத்தார். கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவர் துக்கவீட்டில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சீமாட்டி படகோட்டியோடு போய்விட்டாள். கணக்குப்பிள்ளை, அறை முழுதும் தனக்கே கிடைத்த சந்தோஷத்தில், குறுக்கே படுத்துத் தூங்கினான்.

வாசலில் சென்னப்பன் ஏமாந்துபோய் நின்றான். "ஏன் சார், இன்னைக்கு டிக்கெட்டு இல்லியா?"

"நான் நினைச்ச முடிவு தப்பாப்போச்சு, சென்னப்பா."

"எப்பவும் தப்புத்தானே சார்!"

"ஏன்டா சொல்லலே?"

"நீங்க கேக்கலியே," என்றான் அவன் கன்னடம் கலந்த தமிழில். "சும்னே எதுக்கு மனசு நோகடிக்கணும்?"

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டு ஜெசிந்தாவுக்கு ஒரே கொண்டாட்டம். "அப்போ இத்தனை வருஷமா எனக்குச் சொன்னதெல்லாம்?"

"அத்தனையும் தப்பு."

அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அவள் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, நேத்து டாக்டர் ஏதோ சொன்னாரே. என் கதை எப்படி முடியுமாம்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவு அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"எனக்கு என்னடி தெரியும், ஜெசி?" என்றார்.