நாங்கள் எதிர்த்துக் கட்டிய மாடி

எங்கள் குப்பத்தின் கிழக்கு ஓரத்தில் மூன்று அடுக்காக ஒரு வீடு நிற்கிறதே, அதைத் துபாசி கட்டினார் என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார்கள். முழுக்க உண்மையில்லை. உச்சியில் ஒரு முழத்தை நாங்கள் கட்டினோம். அதுவும் எப்படி? எதிர்த்து எதிர்த்துக் கட்டினோம். நினைத்தால் எனக்கு இன்னும் பேஜாராகத்தான் இருக்கிறது.

ஒல்லாந்தர் கோட்டையில் தொரைமாருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறவர் அந்தத் துபாசி. அந்த வருஷங்களில் பழவேற்காடு வீங்கிக்கொண்டே போயிற்று. நெசவுக்காரர், சாயக்காரர், கணக்கெழுதுகிறவர், கப்பலுக்குக் காத்திருப்பவர் என்று வந்த சனத்துக்கெல்லாம் இருக்க இடம் போதவில்லை. பக்கத்தில் இடமில்லாவிட்டால் என்ன, மேலே காலியாகத்தானே கிடக்கிறது என்று துபாசிக்குத் தோன்றிவிட்டது. அடுக்கடுக்காகக் கட்டிக் குடி வைக்கலாம் என்று ஒரு மணல்மேட்டை வாங்கினார். அது எங்கள் கருவாட்டுக் களத்துக்கு நேர் கிழக்கே இருந்தது.

களத்துக்குக் காலை வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வரவேண்டும். உச்சி சாய்ந்ததும் கடல்காற்றும் அந்தப் பக்கமிருந்துதான். காலையில் பரப்பின நெத்திலி சாயங்காலம் அள்ளும்போது சலசலக்க வேண்டும். சலசலக்காவிட்டால் மறுநாள் புழு வைத்துவிடும். காற்றுக் காலத்தில் படகு இறங்காத நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கருவாட்டை நம்பித்தான்.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டின அன்றே என் மனைவி சொல்லிவிட்டாள். "இன்னாயா, வெயிலுக்கும் காத்துக்கும் சேத்து ஒரே கதவாப் போட்டு மூடறாரு. நீ கையக் கட்டிக்கினு வேடிக்கை பாக்கறே?"

நான் கையை அவிழ்த்துக்கொண்டு போய்க் கூட்டம் கூட்டினேன். எங்கள் சனத்தின் வாயைக் கேட்க எனக்கு எப்போதும் ஆசை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாம் என்று பட்டது. ஒருவர், "மேல நின்னு பாத்தா நம்ம சட்டில இன்னா கொதிக்குதுன்னு தெரிஞ்சிடும்" என்றார். அவர் பெண்சாதி, "கொதிச்சாத்தானே தெரியும்" என்றாள். சிரித்து முடிக்கவே வெகுநேரமானது. இன்னொருவருக்கு அவ்வளவு உயரத்தில் காக்கை கூடு கட்டும் என்று கவலை. "வெயிலு, காத்து. இது ரெண்டத்தான் சொல்லணும். வேற எதுவும் வாணாம்" என்று கெஞ்சினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சுண்ணாம்பு வண்டிகளை மறிப்பது என்று முடிவாயிற்று. எல்லோரும் போய் மறித்தால் ஏரிக்கு யார் போவது? அங்கேதான் வந்தது வினை. ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு இன்னார்தான் வலை போடலாம் என்று எங்களுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்போம். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறக்கவே கூடாது. அந்தக் கட்டு இருப்பதால்தான் எங்களுக்குள் வெட்டுக்குத்து இல்லை. மறிப்பதையும் பாடு போட்டுவிடலாம், நாளுக்கு ஒரு வீடு என்று யாரோ சொல்ல, ஆகா ஆகா என்று சீட்டுக் குலுக்கிவிட்டார்கள்.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எதிராளி கிட்ட முறை சொல்லி வெச்சிட்டு சண்டைக்குப் போற ஊரு இது ஒண்ணுதான்."

அவள் சொன்னபடியே ஆயிற்று. எங்கள் பாடு வரிசை எங்களைவிடத் துபாசிக்கு நன்றாக மனப்பாடமாகிவிட்டது. வாய் பெருத்த வீட்டுக்காரர் நிற்கிற நாளில் கொத்தனார்கள் படுத்துத் தூங்கினார்கள். என் மச்சான் பாடு வருகிற நாளில் ஏரிக்கரை வரைக்கும் வண்டி வரிசை கட்டி நிற்கும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். யார் மனமும் நோகக்கூடாது என்று இருக்கிற மனுஷர். வண்டியை மறிக்கத்தான் மறிப்பார். மறித்துவிட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார். தண்ணீர் குடித்த மாட்டை வெயிலில் நிறுத்தலாமா என்று அவரே வழியும் விட்டுவிடுவார். அவர் பாடு ஒவ்வொன்றுக்கும் சுவர் ஓர் ஆள் உயரம் ஏறியது.

கடைசியில், கோட்டையிலிருந்து தொரை ஒருவர் நேரில் வந்து குறை கேட்கப்போவதாகச் சேதி வந்தது. அன்றைக்கு யார் பாடு? வேறு யார் பாடாக இருக்கும்!

தொரை குடைக்குக் கீழே நின்றார். எங்கள் பேச்சை அவருக்கு மாற்றிச் சொல்லப் பக்கத்தில் நின்றவர், வீட்டைக் கட்டுகிற அதே துபாசி. குப்பமே திரண்டு நின்றது. ஆனால் பாடு மச்சானுடையது. இன்னொருவன் பாட்டில் எப்படி வாய் திறப்பது? நான் இருமினேன். கனைத்தேன். கிழக்கே கையைக் காட்டினேன். மச்சான் அடக்கமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"தொரை, கொத்தனாருங்க சாரத்து மேல இருந்து வெத்தலை துப்பறாங்க. எல்லாம் எங்க கூரை மேலதான் விழுது."

துபாசி அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னார் போலிருக்கிறது. தொரை முகம் சுளித்தார். வேறு குறை உண்டா என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லீங்க தொரை."

மேலேயிருந்து எதுவும் கீழே விழாதபடி உச்சியில் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று தொரை உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அப்படித்தான் அந்த வீடு எங்களால் ஒரு முழம் கூடுதலாக வளர்ந்தது.

நான் மச்சானைப் பிடித்து உலுக்கினேன். "வெயிலு, காத்துன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் என்னை வெகுளியாகப் பார்த்தார். "அது எல்லாருக்கும் உள்ள கொறை மாப்ளே. எல்லார் கொறையையும் நான் ஒருத்தனே எடுத்துப் பேசினா மரியாதையா இருக்குமா? உன் பாட்டுல நீ சொல்லு."

என் பாடு வந்தபோது கேட்கத் தொரை இல்லை. வீடு இருந்தது. களத்தில் நிழல் விழுந்தது. உச்சிப்பொழுது வரைக்கும் விலகாத நிழல். அதற்கப்புறம் காற்றும் வராது. முதல் தடவை பரப்பின நெத்திலி கூடை கூடையாகக் கெட்டுப்போனது. மண்ணில் புதைத்துவிட்டு வந்த என் மனைவி கையைக்கூடக் கழுவாமல் நேரே தண்ணீர் ஊற்றுக்குப் போனாள்.

நல்ல தண்ணீர் ஊற்று எங்கள் குப்பத்து மணலில்தான் இருக்கிறது. புதிதாய்க் குடிவந்தவர்களுக்கு மூன்று அடுக்குக்கும் தண்ணீர் சுமந்தவர்கள் எங்கள் பெண்கள். பெண்களுக்குப் பாடும் கிடையாது, சீட்டும் கிடையாது. அன்றைக்கு ஒரு குடம்கூடப் படியேறவில்லை. மாலையில் துபாசியே என் மனைவியைத் தேடி வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? குடி இருக்கறவங்க தவிக்கறாங்க" என்றார்.

"எங்க வெயிலையும் காத்தையும் நீங்க மேல கொண்டுபோய் வெச்சிருக்கீங்க ஐயா. அங்கதான் எங்க மீனு காயணும். மீனு ஏறினா தண்ணியும் ஏறும்."

"மாடியில கருவாடா? நாத்தம் தாங்குமா?"

"தாங்காதவங்க கீழ வந்து மொண்டுக்கட்டும்."

துபாசிக்கு எத்தனையோ பேச்சை மாற்றத் தெரியும். இதை மாற்ற வழியில்லாமல் மாடிக்கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது எங்கள் நெத்திலி மொட்டைமாடியில் காய்கிறது. பரப்பின அன்றைக்கே சலசலக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று அடுக்கு ஏறுகிறவன் நான். ஒவ்வொரு அடுக்கிலும் குடியிருப்பவர்கள் என்னைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். எங்கள் கருவாட்டை எதிர்த்து அவர்கள் கூட்டம் போடப்போகிறார்களாம். போடட்டும். சீட்டு மட்டும் குலுக்காமல் இருந்தால் சரி.

மேலே போய் மூச்சு வாங்க உட்கார்ந்தால் எனக்கு முன்னால் மச்சான் வந்திருப்பார். கைப்பிடிச்சுவரில் சாய்ந்து காற்று வாங்கிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இது நான் கேட்டு வாங்கின செவுரு" என்று தட்டிக் காட்டுவார்.

"அண்ணே, அதுல ஈரத் துணி போடாதே. மீனுக்கு வர்ற காத்தை மறைக்குது" என்று என் மனைவி அதட்டுவாள்.

துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பார். அப்புறம், நேர் கீழே இருக்கிற தன் வீட்டுக் கூரை மேலேயே வெற்றிலையைத் துப்புவார்.