ஏரிக்காவல், எங்கள் வீட்டு முறை

1991 கோடையில் எங்கள் ஏரியில் மீன் பிடிக்கத் தடை போட்டார்கள். போட்டார்கள் என்று சொல்லி நான் நழுவக் கூடாது. பள்ளிக்கூட வாசலில் நடந்த ஊர்க்கூட்டத்தில் அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். எனக்கு எப்போதுமே வாய் ஜாஸ்தி. பேச ஆரம்பித்தால் என்னாலேயே என்னை நிறுத்த முடியாது.

ஏரியில் விரால் அற்றுப்போய்க்கொண்டிருந்தது. கெளுத்தி கிடைத்தது, ஜிலேபிக் கெண்டை கூடை கூடையாகக் கிடைத்தது. விரால் மட்டும் கண்ணில் படவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். கொசுவலையைக் கட்டி இழுத்து, விரல் நீளக் குஞ்சைக்கூட விடாமல் வாரினோம். கல்குவாரியிலிருந்து வெடி கொண்டுவந்து போட்டவர்களும் உண்டு.

"அடுத்த கோடை வரைக்கும் ஏரில யாரும் கை வெக்கக் கூடாது. வூட்டுக்கு ஒரு நாள் முறை வெச்சிக் காவல் காக்கலாம்" என்றேன்.

ஊர்ப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆவல. அதுக்குள்ள ஏரிக்கு நாட்டாமையா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பென்னலூரைத் தாண்டி இருந்த அந்த ஊரில், மாமியார் வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். மாமனார் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றுமில்லை, மாப்பிள்ளையிடம் மாமியார் நேருக்கு நேர் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சோறு ஆறிப் போவுதுன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார். நானும் சுவருக்கே பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

மழைக்கு முன்னால் என் மனைவிக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு தேறவில்லை. வாயெல்லாம் கசக்கிறது என்று கஞ்சியைத் தள்ளிவிடுவாள். மணிக்கட்டில் வளையல் நிற்காமல் முழங்கை வரை ஓடும். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. ஒரு நாள் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மதகுக்கு மேற்கே, சாய்ந்த கருவேல மரத்தடியில், தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பதைப் பார்த்தேன். விரால் குஞ்சுகள். செங்கல் பொடியைக் கொட்டியதுபோல் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு, மூச்சுவிட மேலே வந்து வந்து போயின. அடியில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பெரிய விரால் காவல் நின்றன. அந்த வருஷம் ஏரி முழுக்கச் சுற்றியும் வேறு ஜோடி எதையும் யாரும் பார்க்கவில்லை. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால் ஏரியில் விரால் உண்டு; இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் இடத்தை அங்குலம் அங்குலமாகச் சொன்னேன். "கருவேல மரத்தடிலயே கீது. தவளையக் குத்தித் தூண்டிலப் போட்டா ஒடனே கவ்விடும். பசிக்கு இல்ல, குஞ்சி மேல எதனா வுழுந்தா கோவம் வந்துடும் அதுக்கு. அதனால யாருக்கும் சொல்லிடாத."

யாருக்கும் சொல்லாதே என்பதையும் நான் ஊருக்கே கேட்கிற குரலில்தான் சொல்லியிருப்பேன். கதவுக்குப் பின்னால் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டுக் காவல் முறை வந்தது. அன்றைக்கென்று பார்த்து சூப்பர்வைசர் என்னை ஓ.டி. பார்க்கச் சொல்லிவிட்டார். என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

"நான் போயி கரைல ஒக்காந்துக்குறேன்னு சொல்லு" என்றார் மாமியார், சுவரைப் பார்த்து.

எனக்கு ஒரே பெருமை. நம் வீட்டுப் பெண்களும் ஏரியைக் காக்கிறார்கள் என்று கம்பெனி லைனில் பக்கத்தில் நின்றவனிடமெல்லாம் சொன்னேன்.

சாயங்காலம் வீடு திரும்பினால் தெரு முனையிலேயே மீன் குழம்பு மணந்தது. விரால் குழம்பு. சுங்குவார்சத்திரத்தில் விற்றார்கள், தெரிந்தவர்கள் வாங்கி வந்தார்கள் என்று மனைவி சொன்னாள். நான் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்தேன். அந்த சந்தோஷத்தில் நானும் நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் மதகுப் பக்கம் போனேன். குஞ்சுகள் இருந்தன. கூட்டம் கலைந்து நாலா பக்கமும் திக்கில்லாமல் சிதறிக் கிடந்தன. ஒரு நீர்க்காகம் முங்கி முங்கித் தின்றது. கல்லெடுத்து அடித்தேன், பறந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தது. அடியிலிருந்து கெளுத்தி வேறு இழுத்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் நின்றும் பெரிய விரால் ஒன்றுகூட மேலே வரவில்லை. கருவேலக் கிளையில் தூண்டில் நரம்பு அறுந்து தொங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "இன்னா வேல பண்ணி வெச்சிக்கீறீங்க?" அவள் அழவில்லை. "எனக்காகத்தான அம்மா புடிச்சாங்க. போயி ஊருல சொல்லேன்" என்றாள். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை. என் மனைவி தேறினாள். தை பிறப்பதற்குள் வளையல் மணிக்கட்டில் நின்றது. அது எனக்கு சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த கோடையில் ஏரியைத் திறந்தோம். ஊரே இறங்கி வலை போட்டது. ஜிலேபி வந்தது, கெளுத்தி வந்தது. ஒரு விரால்கூட வரவில்லை. ஒரு வருஷம் வாயைக் கட்டியதெல்லாம் வீண் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கம்பெனித் தண்ணீர் ஏரியில் கலக்கிறது, அதுதான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். கலந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. "ஆமா, அதேதான்" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னவன் நான்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மனைவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மாமியார் அடுப்பு முன்னால் இருந்தார். முதல் தடவையாக நான் சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"ஒண்ணு போதாதா? பொண்ணுக்குன்னா ஒண்ணு போதாதா? இன்னொண்ண வுட்டிருந்தா குஞ்சிங்க பொழைச்சிருக்குமே."

அவர் எழுந்து கதவுக்குப் பின்னால் போகவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணு போதும்தான். மொத ஒண்ண எடுத்துக்கினு கெளம்பிட்டேன். பாதி தூரம் வந்துட்டேன். வூட்டுல மாப்ள கீறாரே, மாப்ளைக்கு இன்னாத்த வெக்கிறதுன்னு திரும்பிப் போனேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டாவது மீன் எனக்காகப் பிடித்தது என்று ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிட்டேன்.