சாட்சிக் கையெழுத்து

சார்பதிவாளர் அலுவலக ஊழியர் மெஸ் அக்காவின் இடது கட்டை விரலைப் பிடித்து, மையில் ஒரு உருட்டு உருட்டி, பெரிய பதிவேட்டில் அழுத்தியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று அங்கே நிற்க இடமில்லாத கூட்டம். அக்கா மை படிந்த விரலைத் தூக்கிப் பார்த்தார். துடைக்க எதுவும் கிடைக்காமல் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற என்னிடம், "சாட்சிக்குக்கூட ரேகை வெக்கணுமா தம்பி?" என்று கேட்டார். "ரூல் அப்படித்தான்க்கா" என்றேன். சாட்சிக்கு ரேகை கிடையாது, சொத்தை எழுதிக் கொடுப்பவருக்குத்தான் ரேகை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன பட்டறையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். மாதச் சம்பளக்காரனுக்கும் வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டுக்கடன் கொடுத்த காலம். வாடகை வீட்டில் தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்கெல்லாம் பேச்சு வாங்கி அலுத்துப்போயிருந்த எனக்கு, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டடுக்கு வீடு விலைக்கு வந்தது. விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவர். அவர்களுடைய அப்பா தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டியது. உயில் எழுதாமலே அவர் காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை.

தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிய வங்கி வக்கீல், கடைசியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். தாலுகா அலுவலகத்தில் அலைந்து வாங்கி வந்தபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்த அவர்களுடைய சகோதரியின் பெயர் மூன்றாவது; அவர்தான் மெஸ் அக்கா. "மகளுக்கும் சம பங்கு சார். அந்தம்மா எழுதிக் கொடுக்காம லோன் பாஸ் ஆகாது" என்றார் வக்கீல்.

நான் அண்ணன் தம்பியில் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பங்காவது ஒண்ணாவது! நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு சார். பங்குன்னு காதுல வுழுந்தா அவ வூட்டுக்காரன் கெளம்பிடுவான், அப்புறம் ஒரே பேஜாரு. சாட்சி போட வாம்மான்னு கூப்புடறேன், வந்து போட்டுட்டுப் போவா. நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க, அது போதும்." முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். பட்டறையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் உருப்படியை ஓரமாகத் தூக்கி வைக்கிற நான், இதற்குச் சரி என்று தலையாட்டினேன்.

பதிவு நாளன்று அக்கா காலை டிபன் வேலையை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து ஓடி வந்தார். நல்ல உயரம், உரத்த குரல், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வந்ததும் தம்பிக்காரர் ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டினார். கூடப்பிறந்தவள் கையெழுத்துப் போட வந்தால் புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். எதற்கான புடவை என்பது பல நேரம் வாங்கிக்கொள்கிறவளுக்குத் தெரியாது. "இன்னாடா, பொங்கல் இப்பவே வந்துட்சா?" என்று அக்கா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். பத்திர எழுத்தர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க, அக்கா குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிகள் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் போடுவார்கள். எட்டாவது வரை படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். "படிச்சிப் பாக்கணுமாண்ணா?" என்று ஒரு தடவை கேட்டார். "அதெல்லாம் பாத்தாச்சி, போடும்மா" என்றார் அண்ணன். அக்கா போட்டார். அண்ணன் சொன்ன பிறகு படித்துப் பார்ப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். உள்ளே சார்பதிவாளர், "எல்லாரும் சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்கறீங்க?" என்று நிமிராமலே கேட்டார். மூன்று பேருக்குமாகப் பெரியவரே ஆமாம் என்றார். அதற்குப் பிறகுதான் அந்த மையும் ரேகையும், என்னுடைய பதிலும்.

அண்ணனும் தம்பியும் அக்காவுக்கு அந்தப் புடவையைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. நாங்கள் பால் காய்ச்சிய அன்று அக்கா வந்திருந்தார். கூடத்துச் சுவரைத் தட்டிக் காட்டி, "இதுக்குத் தண்ணி ஊத்துனது நாந்தான் தம்பி. ஸ்கூல் வுட்டு வந்தா பையைக் கூட வெக்க வுட மாட்டாரு எங்கப்பா. ஏரிலேர்ந்து கொடம் கொடமா தூக்கினு வருவேன். அதான் இன்னும் ஒரு விரிசல் இல்ல பாருங்க" என்றார். என் மனைவி ரசித்துச் சிரித்தாள். நான் டம்ளர் எடுப்பதுபோல அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு மாலையில் அக்கா வீட்டுக்கு வந்தார். மெஸ் நடந்த வீட்டின் உரிமையாளர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். கையில் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம், அதுவும் எப்போதோ முடிந்துபோனது. "நீங்க வூடு வாங்கி லா எல்லாம் தெரிஞ்சவரு. இதுல எனக்கு எதனா பிடி கீதான்னு பாருங்க தம்பி" என்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். வாடகை வாங்கிக்கொண்டே இருக்கிறவர் நினைத்தபோது வெளியே தள்ள முடியாது என்றேன். முன்பணத்தை ஒப்பந்தப்படி திருப்பித்தான் ஆக வேண்டும் என்றேன். பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் சட்டம் பேசினேன். பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை. சொன்னால் வழக்குப் போடுவார், வீடு போய்விடும் என்ற பயம். அவருடைய பங்கு அவர் கைக்குப் போயிருந்தால் அந்தப் பக்கம் ஒரு சின்ன இடமாவது வாங்கிப்போட்டிருப்பார், இப்படித் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்க மாட்டார். கிளம்பும்போது, "அன்னிக்குச் சாட்சி போட வந்ததுல உங்க பழக்கம் கெடச்சுது, பெரிய புண்ணியம்" என்றார். எனக்குக் கூசிப்போனது. ஆனாலும் வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

அந்தக் கடிதத்தால் அவருக்கு இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. பிறகு இன்னும் உள்ளே, ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில், சின்ன வீடாகப் பார்த்துப் போனார். பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே வரவில்லை. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் நேரே அக்காவிடம் போகவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம், யாரோ நண்பருக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். "அவங்களே கையெழுத்துப் போட்டு, ரேகை வெச்சு, ரெஜிஸ்டர் ஆன பத்திரம். இத்தனை வருஷம் கழிச்சுத் தெரியாதுன்னு வந்தா கேஸ் நிக்கறது கஷ்டம் சார்" என்றார் அவர். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். பல நாளுக்குப் பிறகு டீ ருசித்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொத்தேரிக்குப் போனேன். அவருக்கு எதையும் கொடுக்க வேண்டும் என்று போகவில்லை, என் பாரம் இறங்கினால் போதும் என்று போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உரித்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப கோர்ட்டுக்குப் போனா எதனா நடக்குமா?" என்று கேட்டார்.

"கஷ்டம்க்கா. ரொம்ப வருஷம் ஆயிடுச்சு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வக்கீலைக் கேட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்."

அக்காவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதைக் கேட்டுனுதான் இங்க வந்தீங்களா தம்பி?" என்றார்.

ஆமாம் என்றேன். எனக்குக் கூசுகிற ஒரு கேள்விக்கு அவரிடம் நான் உண்மையான பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. நான் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.