ஒரு கால்குலேட்டர், இரண்டு எதிரிகள்

போன வாரம் என் மகள் செல்போனில் கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு சமன்பாட்டைத் தட்டினாள். அடுத்த நொடி திரையில் ஊதா நிறத்தில் ஒரு அலை வழவழவென்று ஓடியது. "பாருப்பா, கிராஃப் வந்துடுச்சி" என்றாள். நல்ல அப்பனாக இருந்தால் பாராட்டியிருப்பேன். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. ஜமால் மேல்.

ஜமால் என் நண்பன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி பழங்கதைகளில் கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். டிப்ளமோ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கரண்ட் மீட்டருக்கு போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். டிரெய்னி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கும் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் பக்கத்து இரும்பு உருக்கும் ஆலையின் புகை மூக்கில் ஏறும். ஷெட்டுக்குள் போனால் பற்றவைக்கும் புகை. வீட்டில் சோறு பிசையும்போதுகூட விரலில் அந்த வாடைதான். மாடியில் ஒரு ஏசி ரூம் இருந்தது. மீட்டருக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதுகிறவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படிக்கட்டில் நிற்கக்கூட அனுமதி இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் வரதன் சார், காக்களூரிலிருந்து வருவார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "டேய் டிப்ளமா" என்பார். நான்கு பேர் திரும்பிப் பார்ப்போம். யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே நிச்சயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த நால்வரில் ஒருவன்தான் ஜமால். பழவேற்காட்டில் அவன் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. சட்டையில் எப்போதும் அத்தர் மணக்கும். அதுவே எனக்கு எரிச்சல். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து செங்கல் போல ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். சிங்கப்பூரிலிருந்து அவன் மாமு கொண்டுவந்த கிராஃப் போடும் கால்குலேட்டர். சாம்பல் நிறத் திரை, கறுப்புப் புள்ளிகளால் வளைகோடு வரையும்.

"தொடாத. கை கழுவிக்கினு வா" என்றான்.

கழுவிக்கொண்டு வந்தேன். அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கால்குலேட்டருக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது, அதற்கு நேரடியாக அசெம்பிளியில் புரோகிராம் எழுதலாம் என்று பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் நான்தான் கண்டுபிடித்தேன். அசெம்பிளி என்பது சிப்போடு அதன் சொந்த பாஷையில் பேசுவது. இந்த எண்ணை எடு, அங்கே வை, ஒன்று கூட்டு, சரியில்லையென்றால் திரும்பிப் போ. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சங்கேத எண். அந்த எண்களின் அட்டவணையை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். அட்டவணை என்னிடம், கால்குலேட்டர் அவனிடம். இப்படித்தான் எங்கள் பகை ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது.

தாளில் எழுதி, எண்ணாக மாற்றி, பொத்தான்களில் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒரு எண் தப்பானால் திரை அப்படியே உறைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உள்ளே இருந்த எல்லாம் போயிருக்கும். தப்பு செய்தவனுடையது மட்டுமில்லை, மற்றவனுடையதும். நான் திரையில் 'அ' எழுத்து வரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரவைக்கப் பார்த்தது நாலு சுவருக்குள் துள்ளும் ஒரு பந்து. என் 'அ' முதன்முதலில் வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, எறாவா?" என்றான். மிதிபட்ட இறால் மாதிரிதான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாளே அவன் பந்து சுவரைத் தாண்டி எங்கோ போக, திரை உறைந்தது. என் எழுத்தும் செத்தது. நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அவன் இரண்டு சொன்னான். மறுநாள் மறுபடியும் அதே மேசையில் உட்கார்ந்தோம். வேறு வழி?

ஆனால் கற்றுக்கொண்டோம். ரயில் ஜன்னலில் வயல்கள் ஓடும்போது என் வாய் சங்கேத எண்களை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்காரும் பூக்கார அம்மா நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, ஒருநாள் தன் கால்களை மடக்கி எனக்கு மரியாதையாக இடம் விட்டார்.

இப்படி இருக்கும்போது வரதன் சார் வந்து, மாடி ரூமுக்கு ஒரு ஆள் தேவை, டிரெய்னிகளுக்கு அசெம்பிளியில் பரீட்சை வைக்கப் போகிறோம் என்றார். ஒரே ஒரு இடம். நானும் ஜமாலும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பரீட்சை முடிந்து சில நாட்களில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் பேப்பரும் ஜமால் பேப்பரும் ஒண்ணா கீதே. அவனக் கேட்டேன். நீதான் அவனப் பாத்து எழுதுனேன்னு சொல்ட்டான். இன்னாபா இது?" என்றார்.

ஒரே அட்டவணையை வைத்து, ஒரே மேசையில் கற்றவர்கள் எழுதினால் ஒன்றாகத்தான் இருக்கும். தப்புகூட ஒரே தப்பாக இருக்கும். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நேராக கேன்டீனுக்குப் போனேன். ஜமால் கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தான்.

"ஏன்டா அப்டி சொன்ன?" என்று கத்தினேன்.

"ஏன்டா அப்டி சொன்ன?" என்று அவனும் கத்தினான்.

நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். யார் முதலில் கை நீட்டியது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவன் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன, என் உதடு கிழிந்தது. அவன் பையிலிருந்து நழுவிய கால்குலேட்டர் சிமென்ட் தொட்டியின் விளிம்பில் மோதித் தண்ணீருக்குள் விழுந்தது. திரை உடைந்து உள்ளே மை பரவியதைக் கண்ணால் பார்த்தேன். அன்று மாலையே இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். வீட்டில் நைனா, "மிஷினு கத்துக்கப் போனியா, ரவுடித்தனம் கத்துக்கப் போனியா?" என்று கேட்டார். மாடி ரூம் இடம் வரதன் சாருடைய சகலை மகனுக்குப் போனது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

போன வருஷம், கூட வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்யாணம் திருவள்ளூரில். பந்தியில் என் எதிரே ஜமால். தலை நரைத்திருந்தது, அத்தர் மட்டும் அதே அத்தர். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்தது.

"நான் உன்னப் பாத்து எழுதுனேன்னு வரதன் கிட்ட சொன்ன இல்ல? நல்லா இரு" என்றான்.

"நான் எங்கடா சொன்னேன்? நான் உன்னப் பாத்து எழுதுனேன்னு நீதான் சொன்னதா அவரு எங்கிட்ட சொன்னாரு."

அவன் கை இலையிலேயே நின்றது. என் கையும். இத்தனை வருஷம் அந்த ஆள் இரண்டு காதிலும் ஒரே பொய்யை ஊற்றியிருக்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவரையொருவர் நிதானமாகக் கேட்க மட்டும் நாங்கள் இரண்டு பேருமே முயலவில்லை.

"காக்களூர்லதான் கீறாரு. வா, போய் கேக்கலாம்" என்றான். அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அவனும் அதைத்தான் செய்திருப்பான்.

வரதன் சாரே கதவைத் திறந்தார். திடகாத்திரமாக இருந்தார். கம்பெனிப் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்து உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவரச் சொன்னார்.

"எந்த பேட்ச்பா நீங்க?"

ஜமால் எல்லாவற்றையும் சொன்னான். பரீட்சை, பொய், சண்டை, தொட்டி. அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, "ஞாபகம் இல்லியேபா. எத்தினியோ பசங்க வந்தாங்க, போனாங்க" என்றார். நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. உண்மையிலேயே ஞாபகமில்லை.

"உங்க சகலை மகன் மேல போனாரே சார், அப்போ" என்றேன்.

"அவனா? கொஞ்ச நாள்லயே உட்டுட்டுப் போய்ட்டான். அந்த வேல அவனுக்குப் புடிக்கல" என்று சிரித்தார்.

ஜமால் மோரைத் தொடவில்லை. நான் குடித்தேன். வெயில் அப்படி.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். போன் நம்பரை அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பார்சல் குடோன். மாடியே கிடையாது, கேன்டீனை இடித்துவிட்டு லாரி நிறுத்துகிறார்கள். பிரவுசிங் சென்டர் போய்விட்டது. சங்கேத எண்களில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. அப்படி ஒரு பரீட்சை நடந்தது, இரண்டு பேர் அதற்காகப் படித்தார்கள் என்று சொல்ல இந்த உலகத்தில் இன்னும் ஒருத்தன்தான் இருக்கிறான். அவனை எனக்கு இப்போதும் பிடிக்காது.