மணி அடித்தும் அசையாத ஆலை

கிளேபாங்கில் வீடு, செமாபோக்கில் பட்டறை, ஓடுகிற லாரிகள், எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற இந்தக் கைகள் கட்டியவை. இவற்றையெல்லாம் விடப் பெரிய காரியத்தை இளவயதிலேயே செய்துவிட்டேன்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம், காஜா பெராங்கில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில் பாய்லருக்குத் தீ போடும் வேலை பார்த்தேன். அடுப்பில் சிரட்டை போட்டால் மணியடி, தண்ணீர் விட்டால் மணியடி என்பது முதலாளி உத்தரவு. நாள் முழுக்க அடித்த மணி யார் காதிலும் ஏறவில்லை.

ஒரு மதியம் ஆவி வால்வு இறுகிக்கொண்டது. பாய்லரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வெறிபிடித்தவன் போல் மணியடித்தேன்.

“இவனுக்கு வேற வேலை இல்ல லா,” என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார்.

“வெடிக்கப் போவுது அண்ணே, ஓடுங்க!”

“காலையிலேருந்து இதத்தானடா அடிக்கிற!”

அடுப்புக் கம்பியால் அவர் தோளில் ஓங்கிப் போட்டேன். ரத்தம் தெறித்தது. துரத்தி வரட்டும் என்று வாசலைப் பார்த்து ஓடினேன். “புடிங்கடா அவன!” என்று அவரும் மொத்த ஆலையும் என்னைத் துரத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். சாலையில் தள்ளி மிதித்தார்கள். என் முன்பற்கள் உடைந்தன. அப்போதுதான் பாய்லர் வெடித்தது. கூரை பறந்தது. மிதித்த கால்கள் அப்படியே நின்றன.

பிறகு கட்டிய புது ஆலையில் மணிக்கு முறை வைத்தவன் நான். வேலை ஒழுங்காக நடந்தால் மணி வேண்டாம். தண்ணீர் குறைந்தால் ஒரே அடி. உயிருக்கு ஆபத்தென்றால் நிறுத்தாமல் அடி. எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று மிதிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த முறையை எழுதிய பலகையில் இன்றும் முதலாளி பெயர்தான் இருக்கிறது. இப்போது ஆலையை நடத்துகிறவர்களே, அதை அழித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.