மாமாவும் நானும் மலைக்கு விட்ட ரயில்

கொடைக்கானலுக்கு ரயில் வரப் போகிறது என்ற பேச்சு நான் அங்கே வேலைக்குப் போவதற்கு முன்பே இருந்ததாம். வரவில்லை. ஆனால் நான் குடியிருந்த வீட்டின் உள்ளறையில் ஒன்று ஓடியது. சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சின், அதன் பின்னால் மூன்று பெட்டிகள், ஒரு வட்டத் தண்டவாளம். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, நாற்காலி வாங்கப் போன நான் அந்த அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை.

ஒரு விடுதிப் பள்ளியில் கட்டில், பெஞ்சு, கதவுகளைப் பழுது பார்க்கும் தச்சுவேலை எனக்கு. கையில் உளி பிடிக்கிறவனுக்கு வெறும் வட்டம் எத்தனை நாளைக்குப் போதும்? பழைய கதவு ஒன்றைக் கிடத்திக் கால் பொருத்தினேன். கொசுவலைக் கம்பியை வளைத்து, மைதாப் பசையில் ஊறிய செய்தித்தாளை அதன்மேல் ஒட்டி ஒரு மலை செய்தேன். மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தினால் புல். சோலை மரங்களில் தொங்கும் பாசியைக் கிள்ளி வைத்தால் புதர். கடைத்தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய், எங்காவது இதே அளவுத் தண்டவாளம் கண்ணில் பட்டால் எனக்கென்று எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டும் போவார்.

என் மனைவி பழனிக்காரி. அடிவாரத்தில் மாமாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, விபூதி, குங்குமம், சாமி படம் விற்கும் கடை. "இதுல யாருங்க ஏறிப் போகப் போறா?" என்று கேட்டுக்கொண்டே நான் செய்த ஸ்டேஷன் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, காவியில் பட்டை பட்டையாகக் கோடு போட்டு வைத்தாள்.

"ஸ்டேஷனா இது, கோயிலா?" என்றேன்.

"சுவருன்னு இருந்தா எங்க ஊர்ல இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் கஷாயம், பிறகு ஆஸ்பத்திரி. காய்ச்சல் இறங்கவில்லை. நினைவு தப்பத் தொடங்கியதும் பழனிக்குத் தந்தி கொடுத்தேன். தந்தி போய்ச் சேர்ந்தது, மாமாவும் கிளம்பினார். அதற்குள் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்னதும் அதனால்தான் நடக்காமல் போனது. ஒரு விடியற்காலையில் அவள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடினார்கள். "ரோடு எப்பத் தெறக்கும்னு யாருக்குத் தெரியும்? வச்சிருக்கக் கூடாது தம்பி" என்றார்கள். நான் தடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் மழை சற்று ஓய்ந்தபோது எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மாமா வந்தார். வத்தலக்குண்டில் பஸ் கிடைக்காமல் பெரியகுளம் போய், அங்கிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக நடந்தே மலையேறியிருந்தார். முழங்கால்வரை சேறு, கால்களில் அட்டை கடித்த ரத்தம். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எடுத்துட்டீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாதை திறந்த பிறகு மைத்துனர்கள் வந்தார்கள். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபோது மாமா மட்டும் கிளம்பவில்லை. "மழை விடட்டும். நான் பின்னால வாரேன், கடையப் பாத்துக்கங்க" என்றார். மாமியார் இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன, கடைக்கு மகன்கள் இருந்தார்கள். மகள் இல்லாத வீட்டில் மாமனார் தங்குவது வழக்கமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளனே எழுந்து அவர் அடுப்பு மூட்டுவார். நான் தண்ணீர் பிடித்து வைப்பேன். "உலை கொதிக்குது", "மண்ணெண்ணெய் தீந்துருச்சு", "குளிருதா மாமா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. மகளின் முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் செய்துவிட்டான் என்று அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அவர் கேட்டால் என்ன சொல்வது என்று பட்டறையில் இழைப்புளி தள்ளும்போதெல்லாம் யோசிப்பேன். அவர் கேட்கவே இல்லை.

பலகையின்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவைத்திருந்தேன். மார்கழிவாக்கில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது போர்வை கொடியில் தொங்கியது. மாமா ஒரு துணியால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"துணி பூராம் பூசணம் புடிச்சுக் கெடக்கு மாப்ளே. உள்ள இருக்கதெல்லாம் துருவேறிப் போகும்னு எடுத்தேன்" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இது ஓடுமா?" என்றார்.

சாவியைத் தேடி எடுத்து முறுக்கி விட்டேன். மலையைச் சுற்றி இரண்டு சுற்று வந்து நின்றது. மாமா பட்டை போட்ட ஸ்டேஷனைக் குனிந்து பார்த்தார்.

"இது அவ சோலியா?"

"ஆமா மாமா."

விரலால் சுவரை லேசாகத் தொட்டு, சுண்ணாம்பு ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை. "மலைய வச்சுட்டுச் சுத்திச் சுத்தி வருது. மேல ஏறாதா?"

"ஏத்தம் இதுக்கு ஆகாது மாமா. சின்ன எஞ்சினு."

"ஏத்திப் பாப்பமே" என்றார்.

இப்படித்தான் தொடங்கினோம். மாலையில் நான் வந்ததும் காபி குடித்துவிட்டு இரண்டு பேரும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பள்ளியில் மிஞ்சிய யூகலிப்டஸ் துண்டுகளை நான் மெல்லிய கட்டைகளாக அறுப்பேன், அவர் தண்டவாளத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். ஒருநாள் கைமுழம் வேலை முடியும், ஒருநாள் முந்தினநாள் வேலையைப் பிரிப்பதிலேயே போய்விடும். மலையின் பின்பக்கத்தை எலி தின்றுவிட்டது. மைதாப் பசைதானே! அடுத்த முறை பசையில் மயில்துத்தம் கலந்தோம்.

எஞ்சின் ஏற மறுத்தது. ஏற்றத்தின் பாதியில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது, பிறகு மெல்லப் பின்னால் வழுக்கும். பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். ஈயத்துண்டு வைத்துக் கட்டிப் பார்த்தோம், வேகம்தான் குறைந்தது. மூடுபனி இறங்கும் நாட்களில் தண்டவாளம் வியர்த்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். அன்றைக்கு முயற்சி செய்வதே வீண்.

"சரிவு செங்குத்தா இருக்கு மாமா. வழிய நீட்டி, மலையச் சுத்தி வளைச்சுக் கொண்டு போகணும். அதுக்கு இந்தப் பலகை பத்தாது."

மாமா அறையைச் சுற்றிப் பார்த்தார். மிச்ச இடத்தில் கட்டில் கிடந்தது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். அவள் போனதிலிருந்து நான் அதில் படுக்கவில்லை, முன்னறையில் அவருக்குப் பக்கத்தில் பாயில்தான் படுத்துவந்தேன். அதை அவர் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

"கட்டிலக் கழட்டிருவமா மாப்ளே?" என்றார்.

நான் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டேன். அவர் வற்புறுத்தவும் இல்லை. மறுநாள் நானே ஆப்புகளைத் தட்டி எடுத்தேன். தலைமாட்டுச் சட்டத்தை அவர் பிடித்துக்கொண்டார். அதில் ஒட்டியிருந்த இரண்டு சாந்துப்பொட்டுக் கறைகளை நாங்கள் இருவருமே பார்த்தோம். துடைக்காமல் அப்படியே சுவரோரம் சாய்த்து வைத்தோம்.

பலகை அறை முழுக்க விரிந்தது. புதுச் சரிவு சாதுவாக இருந்தது. அப்படியும் கடைசி வளைவில் சக்கரம் வழுக்கியது. நான் சலித்துப்போய், இத்தோடு விட்டுவிடலாம் என்றேன். மாமா எழுந்து வெளியே போனவர், கடைத்தெருவிலிருந்து கிழிந்த சைக்கிள் டியூப் ஒன்றோடு வந்தார்.

"கடையில விபூதிப் பொட்டலத்துக்கெல்லாம் இதத்தான் வளையமா நறுக்கிப் போடுவோம். கயிறு வழுக்கும், இது விடாது. சக்கரத்துல மாட்டிப் பாக்கலாமா?"

கத்தரிக்கோலால் நூல் கனத்துக்கு நறுக்கினார். ஐந்தாறு வளையங்கள் அறுந்தன. கடைசியில் இரண்டு, பின்சக்கரங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. பனி இல்லாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் அது. சாவி முறுக்கி, ஒரே ஒரு பெட்டியோடு விட்டேன். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் முக்கியது, ஆனால் பின்னால் போகவில்லை. உச்சியில் நாங்கள் இன்னும் எதுவும் கட்டாமல் விட்டிருந்த வெற்று இடத்துக்கு வந்து, சாவி தீர்ந்து, நின்றது.

நான் சிரித்துக்கொண்டு திரும்பினேன். மாமா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். கடைசியில அவ என்னயக் கேட்டாளா?"

"கேட்டா மாமா. நெனவு இருந்த மட்டும் கேட்டா. வந்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன். 'அப்பாவுக்கு மலை பஸ்ஸுல தலை சுத்தும், முன்சீட்டுல உக்காரச் சொல்லுங்க'ன்னு சொன்னா. அதுக்கப்புறம் சரியாப் பேசல."

அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ரொம்ப வலிச்சுதா?"

"இல்ல மாமா. தூக்கத்துலதான்."

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வரும் என்று காத்திருந்தபோது, அவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

"வெள்ளகவியில ஒருத்தரு வீட்டுல ராத்திரி தங்கிட்டேன் மாப்ளே. முழங்காலு மடக்க முடியல. 'இருட்டுல போகாதீங்க, காலையில வெரசாப் போயிரலாம்'னாங்க. கஞ்சி குடுத்தாங்க, குடிச்சேன். தூங்கக்கூடச் செஞ்சேன். தங்காம நடந்திருந்தா அவ மொகத்தப் பாத்திருப்பேன்ல?"

இத்தனை நாளும் அவர் என்மேல் கோபமாக இல்லை. அதை அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டேன். அவர் வெள்ளகவியில் படுத்த அந்த இரவுக்கு முன்பே இங்கே எல்லாம் முடிந்திருந்தது.

"நீங்க அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே எடுத்தாச்சு மாமா. நடந்து வந்திருந்தாலும் பாத்திருக்க முடியாது" என்றேன்.

"நெசமாவா?"

"அவமேல சத்தியமா."

அப்போதுதான் அழுதார். காரியத்தன்றுகூட அழாதவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மாமனாரைத் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோளில் கையை வைத்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு அடுப்படிக்குப் போய்க் காபி போட்டேன். அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை.

தைப்பூசக் கூட்டத்துக்குக் கடையில் ஆள் வேண்டும் என்று மைத்துனர்கள் கூப்பிட, அவர் இறங்கிப் போனார். பஸ்ஸில் ஏறும்போது, "பங்குனி உத்திரம் முடிஞ்சதும் வாரேன். நான் வர்ற வரைக்கும் உச்சியில எதுவும் கட்டிராதீங்க" என்றார். சொன்னபடி வந்தார். அதன்பின் வருஷா வருஷம் வெயில் காலம் முழுக்க எங்கள் வீட்டில்தான். இரண்டாவது வருஷம் உச்சியில் ஒரு கொட்டகை போட்டோம். மூன்றாவது வருஷம் ஓடைக்கு மேல் பாலம்.

எனக்கு மறுபடி கல்யாணம் என்ற பேச்சை எடுத்ததும் அவர்தான். "கன்னிவாடியில நம்ம சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு" என்று முட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னார். கோபத்தில் அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் அதற்காகப் பின்வாங்கவில்லை. அடுத்த வருஷம் சம்மதித்தேன். பெண் வீட்டாரிடம் பேசி முடித்ததும், கல்யாணத்தில் முன்னால் நின்றதும் அவரே.

வந்தவள் உள்ளறை வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள். சுவரோரம் சாய்ந்திருந்த கட்டில் சட்டத்தையும் பார்த்தாள்.

"கட்டில எங்கங்க போடுறது?"

நான் மாமாவைப் பார்த்தேன், மாமா தரையைப் பார்த்தார்.

"சரி, முன்னறையில போட்டுக்கலாம். அப்பா அடுப்படி பக்கமாப் படுத்துக்கட்டும், அங்கதான் கதகதன்னு இருக்கும்" என்றாள். முதல் நாளிலிருந்தே அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டார். கடைசியாக வந்த வருஷம் பலகையில் எதுவும் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்டூலை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு, பலகையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். எஞ்சின் எங்கே வருகிறது என்று அந்த அதிர்விலேயே சொல்வார். "பாலம் தாண்டிருச்சு." "வளைவுல இழுக்குது, எண்ணெ விடுங்க." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அடுத்த தைக்குள் பழனியில் இறந்துபோனார். நானும் என் மனைவியும் போய்வந்தோம்.

அந்த வெயில் காலத்தில் பலகைப் பக்கமே போக எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் மைதா மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பூம்பாறைக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்த பூண்டு வயல்களைப் போல, மலையின் பின்பக்கத்தில் படி படியாக வயல் வைக்க வேண்டும் என்றாள். எத்தனை படி வரும் என்று கேட்டேன். தெரியவில்லை, வைத்துப் பார்க்கலாம் என்றாள். அன்று மாலைக்குள் கீழ்ப்படி ஒன்று முடிந்தது.