திருடன் கிடைக்காத நாவல்

பாளையங்கோட்டையில் உபாத்தியாயராக இருக்கும் நான், டைரி வடிவில் ஒரு துப்பறியும் நாவல் எழுதி வந்தேன். "என் வெள்ளிக் கூஜாவைத் திருடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான், கிணற்றடியில் அவருடைய பொடிமட்டை கிடந்தது" என்று ஒரு பக்கம். பஞ்சாங்கம் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, அதை என் சொந்த டைரி என்றே எண்ணி வாசித்துவிட்டார். அவரும் மூக்குப்பொடி போடுகிறவர்.

"இருவது வருசமா ஒண்ணா ஆத்துக்குக் குளிக்கப் போறோம். மனசுல இதையா வச்சிருந்தீரு?"

"கதை அண்ணாச்சி அது! எங்க வீட்டுல கூஜாவே கிடையாது!" என்று கத்தினேன். அடுக்களைவரை வந்து தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். தெருவில் ஒருவரையும் திருடனாக்க அவர் சம்மதிப்பதில்லை. "வேணும்னா நீரே களவாண்டதா எழுதும்வே" என்கிறார்.

என் கூஜாவை நானே எப்படி ஐயா திருடுவேன்?